எண் ஒரு பக்கம், அலகு ஒரு பக்கம்

இயந்திர பாகங்களின் பட்டியல் ஒன்று என் கைக்கு வந்தது. பல பேர் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்தது. நீளம், எடை, திறன், கொள்ளளவு, வெப்பநிலை என்று நெடுவரிசைகள் நீண்டுகொண்டே போயின. அத்தனையும் எழுத்தாகவே இருந்தன. ஒருவர் "12.5 மி.மீ." என்று எழுதியிருந்தார். அடுத்தவர் இடைவெளி விடாமல் "12.5மிமீ" என்று எழுதியிருந்தார். இன்னொருவர் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி வைத்திருந்தார். "சுமார் 12 மிமீ", "5½ அங்குலம்", "10 x 20 x 30 செ.மீ.", "< 0.01 மி.கி." என்றெல்லாம் கிடந்தன. இவற்றைப் பைத்தான் என்ற நிரல்மொழியில் படித்து, எண்ணை ஒரு பக்கமும் அலகை ஒரு பக்கமுமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அதுதான் வேலை.

ஒரு மாலையில் முடித்துவிடலாம் என்று நினைத்து உட்கார்ந்தேன். வாரக்கணக்கில் ஓடியது. அந்த வாரங்களில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குக் கொஞ்சம் நேரமாவது மிச்சமாகட்டும்.

முதலில் எழுதியது மூன்றே வரி. இடைவெளி இருக்கும் இடத்தில் ஸ்ட்ரிங்கை, அதாவது எழுத்துகளின் தொடரை, உடைக்க வேண்டும், முதல் துண்டை எழுத்தை எண்ணாக மாற்றும் ஃப்ளோட் என்ற செயற்கூறிடம் கொடுக்க வேண்டும், இரண்டாம் துண்டை ஒரு டிக்‌ஷனரியில் தேடி அதற்குரிய பெருக்கல் எண்ணை எடுக்க வேண்டும். எல்லோருமே இப்படித்தான் தொடங்குவோம். இதில் தவறும் இல்லை. ஒரே கை எழுதிய, ஒரே வடிவத்தில் இருக்கிற தரவுக்கு இந்த மூன்று வரியே போதும். சிக்கல் எப்போது வருகிறது என்றால், எழுதியவர்கள் ஒன்றுக்கு மேற்பட்டவர்களாக இருக்கும்போதுதான்.

ஃப்ளோட் எதை ஏற்கும், எதை ஏற்காது என்று முன்பு நான் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. பார்த்தபோது வியப்பாக இருந்தது. முன்னும் பின்னும் இருக்கும் வெற்றிடத்தை அதுவே நீக்கிக்கொள்ளும். "1,000" என்று கொடுத்தால் வேல்யூஎரர் என்ற பிழையை எழுப்பும். ஆனால் காற்புள்ளி இருக்கும் இடத்தில் அடிக்கோடு இருந்தால் சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளும். பைத்தான் 3.6இல் வந்த வசதி அது. நிரல் எழுதுகிறவர் பெரிய எண்களைப் படிக்க எளிதாக இருக்கட்டும் என்று கொண்டுவந்தார்கள். தரவுக் கோப்பில் யாரோ புள்ளியை அழுத்துவதற்குப் பதில் அடிக்கோட்டை அழுத்தியிருந்தால், 12.5 ஆக வேண்டியது 125 ஆகிவிடும். எந்தப் பிழையும் எழாது. "nan" என்று மூன்று ஆங்கில எழுத்தில் எழுதினால் அதையும் எண் என்றே எடுத்துக்கொள்ளும். எண் அல்லாத எண் அது. "inf" என்றால் முடிவிலி. காலியான கட்டங்களில் அந்த மூன்று எழுத்து ஏற்கெனவே ஏறியிருந்த ஒரு கோப்பில் என் சராசரிக் கணக்கு முழுவதும் அதற்குள் விழுந்து மறைந்தது.

தமிழ் எண்கள் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்துப்போன விஷயம் அது. "௧௨.௫" என்று ஃப்ளோட்டிடம் கொடுத்துப் பாருங்கள், 12.5 என்று திருப்பித் தரும். எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுத் தரமான யூனிகோட் எதையெல்லாம் பதின்ம இலக்கம் என்று வகைப்படுத்தியிருக்கிறதோ, அதையெல்லாம் பைத்தான் இலக்கமாக ஏற்கிறது. அதே சமயம் "௰" என்று கொடுத்தால் மறுத்துவிடும், ஏனென்றால் பத்து என்கிற அந்தக் குறி இலக்கம் அல்ல, தனி எண் குறி. யூனிகோட்டேட்டா மாட்யூலில் இருக்கும் நியூமரிக் என்ற செயற்கூறிடம் கேட்டால் மட்டும் 10.0 என்று சொல்லும். ½ என்ற குறிக்கும் இதே கதைதான். ஃப்ளோட்டுக்கு அது புரியாது, நியூமரிக் 0.5 என்று சொல்லும்.

இந்த அரைக் குறிதான் எனக்கு முதல் பெரிய அடியைக் கொடுத்தது. தரவில் விதவிதமான இடைவெளிகள் இருந்தன. சாதாரண இடைவெளி, வரி உடையாத இடைவெளி, மெல்லிய இடைவெளி. கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான், நிரலுக்கு வேறு வேறு. மைக்ரோ குறியிலும் இந்தச் சிக்கல் உண்டு. மைக்ரோவுக்கென்றே ஒரு யூனிகோட் குறி இருக்கிறது, கிரேக்க எழுத்தான மியூ தனியாக இருக்கிறது. பார்க்க இரட்டைப் பிள்ளைகள். ஓம் குறிக்கும் ஒமேகாவுக்கும் இதேதான். இவற்றை ஒன்றாக்க யூனிகோடே ஒரு வழி வைத்திருக்கிறது. என்எஃப்கேசி என்று பெயர். ஒரே வரியில் எல்லா இடைவெளியும் சாதாரண இடைவெளியாகிவிடும், மைக்ரோ குறி மியூவாகிவிடும். அருமையான கருவி என்று முதல் படியாகவே அதை வைத்தேன்.

அந்த என்எஃப்கேசி ½ என்ற குறியையும் பிரிக்கும். 1, ஒரு பின்னக் கோடு, 2 என்று மூன்று எழுத்தாக்கும். அப்போது "5½" என்ன ஆகும்? ஐந்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் இடைவெளி எதையும் அது சேர்ப்பதில்லை. ஆகவே "51⁄2". பின்னக் கோட்டைச் சாதாரணச் சாய்கோடாக மாற்றி, பின்னத்தையும் கணக்கிட நான் எழுதியிருந்த பகுதி அதை ஐம்பத்தொன்றின் கீழ் இரண்டு என்று படித்து 25.5 அங்குலம் என்று சொன்னது. ஐந்தரை அங்குலக் குழாய் இருபத்தைந்தரை அங்குலமாக அட்டவணையில் போய் உட்கார்ந்துவிட்டது. மேலே எழுதும் அடுக்குக்குறிக்கும் இந்தக் கதிதான். "10²" என்பது "102" ஆகிவிடும். தட்டச்சுக் குறிகளை ஒழுங்குபடுத்துவதற்கு முன்பே பின்னக் குறிகளையும் அடுக்குக்குறிகளையும் தனியாகக் கவனித்துவிட வேண்டும். அதன்பின்தான் என்எஃப்கேசி. வரிசை மாறினால் விடையும் மாறிவிடும்.

கழித்தல் குறி இன்னொரு தொல்லை. அச்சுக்குப் போகிற ஆவணங்களில் உண்மையான கழித்தல் குறியைப் போடுவார்கள். விசைப்பலகையில் இருக்கும் சிறு கோடு வேறு எழுத்து. ஃப்ளோட் சிறு கோட்டை மட்டும்தான் அறியும். என்எஃப்கேசியும் இதில் உதவாது, உண்மையான கழித்தல் குறியைத் தொடாமல் அப்படியே விட்டுவிடும். நாமே மாற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் அதற்காக எல்லாக் கோடுகளையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. "5–10 கிகி" என்பதில் இருக்கும் கோடு "முதல், வரை" என்று பொருள்படுவது. அதைக் கழித்தலாக எடுத்தால் ஐந்து ஒரு பக்கம் நிற்கும், மைனஸ் பத்து கிலோ ஒரு பக்கம் நிற்கும்.

சரி, காற்புள்ளிக்கு வருகிறேன். "1,234" என்றால் ஆயிரத்து இருநூற்று முப்பத்து நான்கா, ஒன்று புள்ளி இரண்டு மூன்று நான்கா? அந்த ஐந்து எழுத்துக்குள் இதற்கு விடை இல்லை. எழுத்தில் ஒரு வடிவத்தைத் தேடும் ரெகெக்ஸை எவ்வளவு நுணுக்கமாக எழுதினாலும் இல்லாத விடையை அது கொண்டுவராது. எடைகள், அளவைகளுக்கான பொது மாநாடு 2003இல் கூடியபோது, பதின்மக் குறியாகப் புள்ளியும் வரலாம், காற்புள்ளியும் வரலாம் என்றே தீர்மானித்தது. பெரிய எண்களை மூன்று மூன்றாகப் பிரிக்க இடைவெளி மட்டும் விடலாம், அந்த இடத்தில் புள்ளியோ காற்புள்ளியோ போடக் கூடாது என்றும் சொன்னது. எல்லோரும் இதைக் கடைப்பிடித்திருந்தால் குழப்பமே இல்லை. நம் கைக்கு வரும் கோப்புகள் அப்படி எழுதப்பட்டவை அல்ல.

நான் கண்ட வழி, கட்டத்தை விட்டுவிட்டுக் கோப்பைப் பார்ப்பது. அதே நெடுவரிசையில் எங்காவது "0,75" என்றோ "12,5" என்றோ இருந்தால், அதை எழுதியவருக்குக் காற்புள்ளிதான் பதின்மக் குறி. "1,234.5" என்று இருந்தால் அவருக்கு அது வெறும் பிரிப்பான். இப்படி ஒரு சான்று கிடைத்ததும் அந்தக் கோப்பு முழுவதற்கும் ஒரே முடிவு. சான்றே இல்லை என்றாலோ, இரண்டு விதச் சான்றும் கலந்து இருந்தாலோ, நிரல் முடிவெடுக்கக் கூடாது. ஒரு கோப்பு பெரும்பாலும் ஒரே மனிதரின் பழக்கத்தைக் காட்டும். ஒரு கட்டத்தை மட்டும் வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

எண்ணுக்கான ரெகெக்ஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. [+-]?[0-9]+(\.[0-9]+)? என்பதுதான் அடிப்படை, பத்தின் அடுக்கை எழுதும் ஈ வடிவத்தை (1e6 போல) அதோடு சேர்த்துக்கொள்ளலாம். எதை வைத்துத் தேடுகிறோம் என்பதுதான் முக்கியம். சர்ச் என்ற செயற்கூறை வைத்துத் தேடினால் "1.2.3 கிகி" என்பதில் 1.2 மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடும். மீதம் கிடப்பதை அது சொல்லாது. ஃபுல்மேட்ச் வைத்தால் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை ஒவ்வொன்றும் பொருந்தியாக வேண்டும். நான் சர்ச் செயற்கூறை முழுவதுமாக எடுத்துவிட்டு ஃபுல்மேட்ச்சுக்கு மாறியபோது, அதுவரை "வெற்றி" என்று கணக்கில் இருந்த பல வரிகள் தோல்விக்கு மாறின. அவற்றை ஒவ்வொன்றாகப் படித்தேன். "சுமார்", "அதிகபட்சம்", "ஒன்றுக்கு" என்று எழுதியவர் அக்கறையோடு சேர்த்த சொற்களை என் நிரல் இத்தனை நாளும் தூக்கி எறிந்துகொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

இதுவரை சொன்னது எண் பக்கம். அலகு பக்கம் இதைவிடக் கடினம்.

எழுத்துகளைச் சின்ன எழுத்தாக்கிவிட்டுத் தேடுவது எங்கள் தொழிலில் கையோடு வந்துவிடும் பழக்கம். லோயர் என்று ஒரு சொல் போட்டால் போதும், "கேஜி"யை எப்படி எழுதியிருந்தாலும் அகப்பட்டுவிடும். நானும் போட்டேன். பட்டியலில் பெரிய மின்னாக்கி ஒன்று இருந்தது, 2 மெகாவாட். மெகாவுக்குப் பெரிய எம், மில்லிக்குச் சின்ன எம். லோயர் போட்டதும் அது 2 மில்லிவாட் ஆனது. நூறு கோடி மடங்கு வித்தியாசம். மொத்தத் திறனைக் கூட்டிப் பார்த்தவர் "இந்த எண் எனக்குச் சரியாகப் படவில்லையே" என்று கேட்ட பிறகுதான் தேடிக் கண்டுபிடித்தேன். அது பெரிய எண்ணாக இருந்ததால்தான் அவர் கண்ணில் பட்டது. சிறிய சாதனத்தின் அளவாக இருந்திருந்தால் யார் கேட்டிருப்பார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் மனசு கலங்குகிறது. அன்றிலிருந்து அலகின் எழுத்தை நான் தொடுவதில்லை. யாராவது "கேஜி"யைப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தால், அந்த ஒரு வடிவத்தை டிக்‌ஷனரியில் தனி வரியாகச் சேர்க்கிறேன்.

சின்ன எம்மை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தனியாக நின்றால் மீட்டர். இன்னோர் அலகுக்கு முன்னால் நின்றால் மில்லி. "1h30m" என்று நேரம் குறிப்பவர்களுக்கு நிமிடம். மில்லி, மெகா போன்ற முன்னொட்டையும் அலகையும் தாராளமாகச் சேர்க்க விட்டால், நிமிடத்தைக் குறிக்கும் "min" என்ற மூன்றெழுத்து மில்லி அங்குலமாகவும் படியும். அடிக்கான "ft" ஃபெம்டோ டன்னாகவும் படியும். ஆகவே முழுப் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும், இல்லாதபோது மட்டும் முன்னொட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லா அலகுக்கும் எல்லா முன்னொட்டையும் அனுமதிக்கவும் கூடாது. 2022 நவம்பரில் ரோனா, குவெட்டா, ரோண்டோ, குவெக்டோ என்று நான்கு புதிய முன்னொட்டுகள் சேர்ந்து மொத்தம் 24 ஆகிவிட்டன. என் பட்டியலில் அவற்றில் எட்டு மட்டும்தான் இருக்கின்றன. தரவில் வராததை அனுமதித்தால், தட்டச்சுப் பிழை ஒவ்வொன்றும் ஏதோ ஓர் அலகாகப் பொருந்திவிடும்.

எழுத்து சரியாக இருந்தும் பொருள் தெரியாத அலகுகள் உண்டு. கேலன் என்றால் அமெரிக்க கேலன் 3.785411784 லிட்டர், பிரிட்டன் கேலன் 4.54609 லிட்டர். டன் என்றால் மூன்று வகை: 1000 கிலோ, 2000 பவுண்டு, 2240 பவுண்டு. ஒற்றைக் கோடும் இரட்டைக் கோடும் போட்டு 5′ 11″ என்று எழுதியிருந்தால் அடியும் அங்குலமும் என்று படிக்கலாம், கோணத்தின் நிமிடமும் நொடியும் என்றும் படிக்கலாம். இங்கெல்லாம் நெடுவரிசையின் தலைப்புதான் துணை. நீள நெடுவரிசையில் கோணம் வராது. இந்த நெடுவரிசையில் என்ன வகை அளவை எதிர்பார்க்கிறோம் என்பதையும் பிரித்துப் படிக்கும் செயற்கூறிடம் சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். எனக்கு இது வெகு தாமதமாகத்தான் தோன்றியது. முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும்.

இதையெல்லாம் நாமே ஏன் எழுத வேண்டும், பிறர் ஏற்கெனவே எழுதிவைத்த நிரல் நூலகம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. பைத்தானுக்கான பின்ட் என்பது நல்ல நூலகம், நானும் அதைப் பயன்படுத்துகிறேன். அலகுகளின் வரையறை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது, மீட்டரோடு கிலோவைக் கூட்ட விடாமல் தடுப்பது எல்லாவற்றையும் செம்மையாகச் செய்யும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தையும் மதிக்கும். ஆனால் அது எதிர்பார்ப்பது கணித வடிவம். மனிதர்கள் எழுதிவைத்த குறிப்பை அப்படியே கொடுத்தால் வேறு பொருளில் படிக்கும். "6 அடி 2 அங்குலம்" என்பதை அதற்குரிய சுருக்கங்களோடு கொடுத்தால், இடைவெளியைப் பெருக்கல் என்று எடுத்துக்கொள்ளும். 6 அடி பெருக்கல் 2 அங்குலம், 12 அடி-அங்குலம். நீளத்தைக் கொடுத்தோம், பரப்பளவு வந்தது. கேலன் என்று மட்டும் சொன்னால் அமெரிக்க கேலன் என்று கொள்ளும், டன் என்றால் 2000 பவுண்டு. அதன் வரையறைக்கு அது நேர்மையாகத்தான் நடக்கிறது. ஆனால் நம் தரவை எழுதியவர் அந்த வரையறையைப் படித்தவர் இல்லையே. அதனால் மனிதர் எழுதியதைப் பிரிக்கும் பகுதியை நானே எழுதினேன், பிரித்த பின் எண்ணையும் அலகையும் பின்ட்டிடம் கொடுத்தேன்.

வெப்பநிலை விஷயத்தில் பின்ட் எனக்கு ஒரு பாடமே நடத்தியது. 25.4 என்ற எண்ணைச் செல்சியஸ் அலகால் பெருக்கினால் அது பிழை எழுப்பும். முதலில் எரிச்சலாக இருந்தது. யோசித்தபோது அதன் பக்கம் நியாயம் புரிந்தது. "10 டிகிரி செல்சியஸ்" என்பது ஒரு வெப்பநிலை என்றால் 50 ஃபாரன்ஹீட். இரண்டு வெப்பநிலைகளுக்கு இடையிலான வித்தியாசம் என்றால் 18 ஃபாரன்ஹீட். எழுத்தில் இரண்டும் ஒன்றேதான். எதைச் சொல்கிறாய் என்று அது திருப்பிக் கேட்கிறது. என் பட்டியலில் "இயங்கும் வெப்பநிலை", "அனுமதிக்கும் வெப்ப உயர்வு" என்று இரண்டு நெடுவரிசைகள் அடுத்தடுத்து இருந்தன. இரண்டையும் நான் ஒரே செயற்கூறால் மாற்றிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பிழைச் செய்திக்குப் பிறகுதான் என் எண்ணம் திரும்பியது. அதுவரை, எத்தனை வரிகளைப் படித்துவிட்டது என்பதை வைத்துத்தான் என் நிரலை அளந்துகொண்டிருந்தேன். நூற்றுக்கு நூறு வர வேண்டும் என்று விதிகளைச் சேர்த்துக்கொண்டே போனேன். சேர்த்த ஒவ்வொரு விதியும் ஒரு ஊகம். இப்போது என் செயற்கூறு மூன்று விதமாகப் பதில் சொல்கிறது. புரிந்தது, இதோ எண், இதோ அலகு. புரியவில்லை. இரண்டு விதமாகப் புரிகிறது, இவைதான் அந்த இரண்டும். இந்த மூன்றாவது பதிலைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன்.

ஊகம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு 1983 ஜூலை 23 அன்று நடந்ததைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் ஒன்று மாண்ட்ரியாலிலிருந்து எட்மன்டனுக்குப் புறப்படத் தயாரானது. எரிபொருள் மானி வேலை செய்யாததால் தொட்டியில் இருந்ததைக் கையால் அளந்தார்கள். 7,682 லிட்டர். பயணத்துக்குத் தேவை 22,300 கிலோ. லிட்டரைக் கிலோவாக்க 1.77 என்ற எண்ணால் பெருக்கினார்கள். அந்த எண் ஒரு லிட்டருக்கு இத்தனை பவுண்டு என்பது. கிலோவுக்கான எண் 0.803. விமானம் புதியது, கணக்கு கிலோவில், பழைய பழக்கமோ பவுண்டில். 20,088 லிட்டர் நிரப்ப வேண்டிய இடத்தில் 4,917 லிட்டர் நிரப்பினார்கள். நடுவானில் இரண்டு எஞ்சினும் நின்றன. விமானி அதைச் சறுக்கு விமானம்போல ஓட்டிவந்து, கிம்லியில் பழைய விமானத் தளம் ஒன்றில் இறக்கினார். விமானத்தில் இருந்த 69 பேரும் உயிர் பிழைத்தார்கள். 1.77 என்ற எண்ணில் பிழை இல்லை. அதன் அலகு மட்டும் அதோடு வரவில்லை.

ஆகவே என் நிரலில் எண் மட்டும் தனியாக எந்தச் செயற்கூறிலிருந்தும் வெளியே போவதில்லை. எண், அலகு, மூல ஸ்ட்ரிங் மூன்றும் ஒரே பொருளாகத்தான் போகும். மூல ஸ்ட்ரிங்கை ஏன் சுமக்க வேண்டும் என்று கூட வேலை செய்த தோழி கேட்டார். நாளை என் விதி ஒன்று தவறு என்று தெரிந்தால், திரும்பிப் போய்ப் படிக்க அது வேண்டும். மாற்றிய எண்ணிலிருந்து பழைய எழுத்தைத் திரும்ப எடுக்க முடியாது. இதே காரணத்துக்காக ஃப்ளோட்டையும் விட்டுவிட்டு, பைத்தானின் இன்னோர் எண் வகையான டெசிமலுக்கு மாறினேன். "2.50 மிமீ" என்று எழுதியவர் அந்தச் சுழியைக் காரணத்தோடுதான் எழுதியிருக்கிறார், அவ்வளவு துல்லியமாக அளந்தேன் என்கிறார். ஃப்ளோட் அதை 2.5 ஆக்கிவிடும். டெசிமல் 2.50 என்றே வைத்திருக்கும். "< 0.01" என்பதில் இருக்கும் குறியும் இப்படித்தான், கருவியால் அதற்குக் கீழே அளக்க முடியவில்லை என்று அது சொல்கிறது. அதை நீக்கிவிட்டு 0.01 என்று பதிந்தால் யாரும் அளக்காத ஒன்றை அளந்ததாகச் சொல்கிறோம்.

மற்றவை சீக்கிரம் சரியாகிவிட்டன. "10 x 20 x 30 செ.மீ." போன்றவற்றில் கடைசியில் நிற்கும் அலகு மூன்றுக்கும் பொது என்று ஒரு விதி போதும். மின்தடைகளில் புள்ளி அழிந்துபோகும் என்பதற்காக அந்த இடத்தில் கே எழுத்தை வைத்து "4கே7" என்று எழுதுவார்கள், 4.7 கிலோ ஓம் என்று பொருள். அதற்கு ஒரு சிறிய ரெகெக்ஸ் போதும். சோதனைகளுக்குக் கற்பனை ஸ்ட்ரிங் எதையும் எழுதவில்லை. தரவில் என்னை ஏமாற்றிய வரிகளையே எடுத்து, சரியான விடையோடு கோப்பில் வைத்தேன். "5½ அங்குலம்" அதில் முதல் வரி.

மூன்றாவது பதில் வந்த வரிகளை ஒரு பட்டியலாக்கி, அவற்றை எழுதியவர்களிடமே அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் நிரல் கண்ட இரண்டு பொருளையும் அருகருகே போட்டு, எது என்று மட்டும் கேட்டேன். பெரும்பாலும் அன்றே பதில் வந்தது. அவர்களுக்கு அது தெரிந்த விஷயம், இதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஒரு தொட்டியின் கொள்ளளவு மட்டும் மிஞ்சியது. வெறும் "500" என்று இருந்தது, அலகே இல்லை. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். தொட்டி இருக்கும் இடத்துக்கே ஒருவர் போய், அதன் மேல் ஒட்டியிருந்த தகட்டைப் படமெடுத்து அனுப்பினார். கேலன், பிரிட்டன் கேலன். பழைய கட்டத்தில் இருந்த "500"ஐ மூல ஸ்ட்ரிங்காக அப்படியே விட்டு, அலகைச் சேர்த்து, அந்தப் படத்தையும் அதோடு இணைத்து வைத்தேன்.